பெரிய ‘வி’ தட்ட அனுமதி

மலேசியாவின் ஜொகூரில், மாசாய்க்குப் போகும் சாலையோரம், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், தென்மண்டலச் சிறுகடை ஒதுக்கீட்டு ஒருங்கிணைப்பு அலுவலகம் பொதுமக்களுக்கு அயராது சேவையாற்றி வருகிறது. மார்க்கெட்டிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழேயும் கடை போடுகிறவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் எடுக்க வேண்டும், உட்கார வேண்டும், கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உட்காருவதற்கு நாற்காலிகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் சமுதாயத்துக்கு இருந்தது ஒரே ஒரு மனக்குறைதான். நம்பர் எடுக்கும் இயந்திரத்தில் மலாய், ஆங்கிலம், சீனம் என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. நான்காவது இல்லை. அதற்காகத் தமிழ்ப் பொத்தான் உரிமை இயக்கம் தொடங்கப்பட்டது. வீடு விற்கும் ஏஜெண்டும் கல்யாண மண்டபங்களில் கணீரென்று நிகழ்ச்சி நடத்துபவருமான குகநாதன் தலைவரானார். நான்கு வருடம் மனு கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், டீ-சட்டை அடித்தார்கள். நானும் ஒரு டீ-சட்டை வாங்கினேன். கடைசியில் அலுவலகம் இறங்கி வந்து பொத்தானை வைத்தது.

திறப்பு விழா பிரமாதம். பொத்தானுக்குச் சந்தனம் பூசி, சின்னதாக ஒரு மாலையும் போட்டார்கள். குகநாதன் தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, சொருகிப் பொத்தானை அமுக்கினார். 4001 என்று சீட்டு வந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சீட்டை அங்கேயே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு இயக்கத்தின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நம்பரைக் கூப்பிடுகிறார்களா என்று ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டரை மணிக்குப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பொத்தானோடு படம் எடுத்துக்கொள்வது ஜொகூரில் ஒரு மோஸ்தராகிவிட்டது. உலு திராமிலிருந்து, லாபிஸிலிருந்து எல்லாம் குடும்பத்தோடு வந்து, பொத்தான்மேல் விரல் வைத்துப் படம் எடுத்து, முகநூலில் போட்டு, கண்ணீர் விட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும், நிஜமாக வேலை இருந்தவர்கள் ஐசியைச் சொருகி ஆங்கிலப் பொத்தானை அமுக்கினார்கள். ஆங்கில வரிசை சீக்கிரம் நகரும் என்று ஒரு பேச்சு.

இதில் ஒரு சின்ன விதி உண்டு. ஐசியைச் சொருகி ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த ஐசிக்கு ஒரு வருடம் அதே மொழிதான். மாற்ற வேண்டுமானால் மொழிமாற்ற போராங் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பதினான்கு வேலை நாள் ஆகும். குகநாதனுக்கு இது விழாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் தன் வேலைகளுக்கு மனைவியின் ஐசியை அனுப்புகிறார். உரிமம் புதுப்பிக்கிறவர்களுக்கு அந்த வசதியும் இல்லை, சொந்த ஐசிதான் வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வினிஃப்ரெட் அக்கா உள்ளே வந்தார்.

மாசாயில் தொழிலாளர் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே பதினேழாம் நம்பர் இடத்தில் பதினோரு வருடமாக அப்பக் கடை நடத்துகிறவர். பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பஸ் வந்து நிற்பது சரியாக அந்தக் கடைக்கு எதிரே. இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்களும் காலை ஷிஃப்டுக்கு ஏறுகிறவர்களும் அவரிடம் இரண்டு அப்பமாவது வாங்காமல் நகர மாட்டார்கள். அவருடைய உரிமம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் இடம், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். வேலை ஐந்து நிமிடம், நாட்களோ ஐந்து இருக்கின்றன என்று அக்கா நிம்மதியாக இருந்தார். தேவாலயத்தில் தமிழ்ப் பாடகர் குழுவில் இருப்பவர் என்பதால் யோசிக்காமல் ஐசியைச் சொருகித் தமிழ்ப் பொத்தானை அமுக்கினார்.

சீட்டு வந்தது. 4001.

எனக்கும் அந்த வாரம் முழுக்க அங்கே ஒரு வேலை இருந்தது. அது என்ன வேலை என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. தினமும் போய் உட்கார்ந்திருந்ததால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன், பார்க்காததை மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

திங்கள் முழுக்க மலாயில் கூப்பிட்டார்கள், ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள், சீனத்தில் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய திரை ஒன்று இருக்கிறது. அதில் அலுவலகத்தின் வாடிக்கையாளர் சாசனம் ஓடும், நம்பர் ஓடாது. காதைத்தான் நம்ப வேண்டும். அக்கா ஐந்து மணி வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வந்து மறுபடி நம்பர் எடுத்தார். மறுபடியும் 4001. ஒவ்வொரு நாளும் தமிழில் நம்பர் எடுக்கிற முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவர்தான். பதினோரு மணிக்குப் பொறுக்காமல் கவுண்டரில் போய்க் கேட்டார்.

“சுடா பாங்கில் லா, காக்,” என்றார் கவுண்டர்க்காரர். ஏற்கெனவே கூப்பிட்டாகிவிட்டதாம். கணினியைத் திருப்பிக் காட்டினார். திங்கள் ஒன்பது பத்துக்குக் கூப்பிட்டிருந்தது. முப்பது வினாடி காத்திருந்து, ஆள் வரவில்லை என்று தானே பதிவு செய்துகொண்டிருந்தது. செவ்வாயும் அப்படியே.

“நான் இங்கயே உக்காந்திருந்தேனே!” என்றார் அக்கா.

கவுண்டர்க்காரர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ஷர்மைன், ஊர் உலு திராம். கடமையுணர்ச்சி உள்ளவள், அதனால்தான் நிரந்தரமாக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் இதைக் காதில் வாங்கிக்கொண்டு, போய்க் கணினியின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கேண்டீனுக்கு அழைத்து வந்தாள். நான் அடுத்த மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆண்ட்டி, மெஷின் உங்களைக் கூப்பிடுது. ஆனா சத்தம் வரல.”

“எனக்கு மட்டும் ஏன் மா அப்படி?”

“மத்த மூணு பாஷையும் ஒரு மாதிரி ஃபைல் ஆண்ட்டி. தமிழ் மட்டும் எம்பி3. குகநாதன் சாரு ஸ்டுடியோல பேசி, பின்னாடி புல்லாங்குழல் எல்லாம் வச்சு, அப்படிக் கொடுத்திருக்காரு. இங்க இருக்கறது லினக்ஸ் கம்ப்யூட்டர். அதுல ‘சுவாரா’ன்னு ஒரு பேக்கேஜ்தான் சத்தம் போடுது. அதுக்கு எம்பி3 தெரியாதுன்னு நினைக்கிறேன்.”

“சொல்லிக் குடுத்தா கத்துக்காதா?”

“கத்துக்காது. அந்தப் பேக்கேஜைக் கம்பைல் பண்ணும்போதே எது எது வேணும், எது வேணாம்னு ஆப்ஷன் கொடுத்துடுவாங்க. அப்ப சேர்க்கலன்னா அப்புறம் செட்டிங்ல போய் எதை மாத்தினாலும் வராது.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “மாவு கரைக்கறப்பவே கள்ளு ஊத்தணும். சட்டியில மாவை விட்டுட்டுப் பக்கத்துல கள்ளுப் போத்தலைக் கொண்டாந்து வச்சா அப்பம் பொங்காது. அதானே?”

“அதேதான் ஆண்ட்டி.”

“சரி, இந்த மாவுல என்ன போட்டான், என்ன போடலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அதுகிட்டயே கேக்கலாம். சுவாரான்னு அடிச்சு, ஒரு சின்ன கோடு போட்டு, இங்கிலீஷ் பெரிய எழுத்துல வி தட்டினா போதும். எதோட செஞ்சது, எது இல்லாம செஞ்சதுன்னு வரிசையா ஒப்பிச்சுடும். ரெண்டு செகண்ட்.”

“தட்டு மா.”

“பர்மிஷன் வாங்கணும் ஆண்ட்டி,” என்றாள் ஷர்மைன். அந்த ஒரு வாக்கியத்தில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அடங்கியிருந்தன.

அனுமதி தர வேண்டியவர் துணை இயக்குநர் சிவசம்பு. சிலோன் தமிழர். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் ஒரு கோப்பையும் தொலைத்ததில்லை. ஒன்றையும் முடித்ததில்லை என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

ஷர்மைன் போய்க் கேட்டதும் அவர் கையேட்டை எடுத்து அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்தார்.

“ஒப்பந்த ஊழியர் சின்ன வி தட்டலாம்னுதான் மா போட்டிருக்கு. அதைத் தட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். வெர்ஷன் 4.2ன்னு மட்டும் சொல்லுது.”

“அப்புறம் என்ன? தெரிஞ்சு போச்சே.”

“என் சொந்த லேப்டாப்புலயும் அதே சுவாரா, அதே 4.2 தான் சார். அதுல எம்பி3 பாடுது, இதுல பாடல. வெர்ஷன் ஒண்ணுதான். கம்பைல் பண்ண ஆளு வேற, கொடுத்த ஆப்ஷன் வேற. அதைப் பெரிய வி தான் காட்டும்.”

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே நம்பர் போட்ட ரெண்டு பொருள் வேற வேற மாதிரி இருந்துச்சுன்னா அது மோசடி. மோசடின்னா போலீஸ் ரிப்போர்ட். ரிப்போர்ட்னா நான் கையெழுத்துப் போடணும். அதனால ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப வேற வழி சார். தமிழ்ப் பதிவை மத்த பாஷை மாதிரியே ஃபைலா மாத்திடறேன். பத்து நிமிஷ வேலை.”

“தமிழை மாத்தறதா?” துணை இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாஷை விஷயம் மா. வெளியில டீ-சட்டை போட்டுக்கிட்டுப் பொத்தானோட படம் எடுக்கறாங்க, பாத்தீங்கல்ல?”

“அப்ப பெரிய வி?”

“பெரிய எழுத்து கிரேடு 44-ம் அதுக்கு மேலயும்தான்.”

“நீங்க கிரேடு 44 தானே சார். நீங்களே ஒரு தட்டு தட்டிடுங்க.”

“நான் தட்டினா, வர்ற பதில் எனக்குப் புரிஞ்சதா அர்த்தமாயிடும்,” என்றார் சிவசம்பு. முப்பது வருட அனுபவம் பேசியது.

அரசு அலுவலகங்கள் மெதுவாக வேலை செய்கின்றன என்று வாய்கூசாமல் சொல்கிறவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். அன்று மாலையே, ‘நிறுவப்பட்ட மென்பொருள் தொகுப்பின் உட்சேர்க்கை விவரமறி சிறப்புப் பணிக்குழு’ அமைக்கப்பட்டது. புதன் காலை கூடியது. கேக்கும் கறிபாப்பும் வந்தன. மதியம் மறுபடி கூடியது. மாலை நான்கு மணிக்குத் தீர்மானம் தயார்.

தீர்மானத்தின் நுட்பத்தை இன்றைக்கும் நான் வியக்கிறேன். ஒப்பந்த ஊழியருக்குச் சின்ன வி தட்ட ஏற்கெனவே அனுமதி இருக்கிறது. எனவே அவர் சின்ன வி-யையே தட்டுவார். அவர் தட்டும் அதே கணத்தில், கிரேடு 44 அதிகாரி ஷிஃப்ட் விசையை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார். ஷிஃப்ட் விசைக்கென்று தனியாக எந்தக் கட்டுப்பாடும் கையேட்டில் இல்லை. இவ்வாறாக, யாரும் வரம்பு மீறாமல், திரையில் பெரிய வி தோன்றும். தோன்றுவதற்கு யாரும் பொறுப்பல்ல.

அந்தப் புதன்கிழமையும் 4001 கூப்பிடப்பட்டு, ஆள் வரவில்லை என்று பதிவானது. அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குகநாதனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“தம்பி, நான் இந்த மொழிமாற்ற போராங் எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன். அவசரம்னு கெஞ்சினா சீக்கிரம் பண்ணுவாங்களான்னு…”

“ஐயோ அக்கா, மாத்திடாதீங்க! இந்த மாசக் கணக்குல தமிழ்ல நம்பர் எடுத்தது ஒரே ஒரு ஆளு. நீங்களும் போயிட்டா பொத்தானைக் கழட்டிடுவாங்க லா.”

“அப்ப நீங்க வந்து ஒரு நம்பர் எடுங்களேன்.”

“நானா?” குகநாதன் சிரித்தார். “எனக்கு நிறைய வேலை இருக்குக்கா.”

அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “பதினேழு போச்சுன்னா வேற எங்க தம்பி போடறது? காலைல ஆறு நாப்பதுக்குப் பஸ் நிக்கற இடம் அது. நூறடி தள்ளிப் போட்டாக்கூட மாவு மிஞ்சிடும். ஷரோன் இன்னும் ஒரு வருஷம் காலேஜ் படிக்கணும்.”

ஷரோன் அவருடைய மகள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அது நிறைவேறியது. சிவசம்பு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இடது சுட்டுவிரலால் ஷிஃப்டை அழுத்தினார். முகத்தைத் திரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஷர்மைன் வி-யைத் தட்டினாள். இரண்டு வினாடிகூட ஆகவில்லை. சுவாரா ஒளிக்காமல் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: ஒன்பது வரியில் ‘வித்’, முப்பத்தொரு வரியில் ‘வித்தவுட்’. பதினான்காவது வித்தவுட், எம்பி3.

“இதோ சார்! நான் சொன்னேன்ல? எம்பி3 இல்லாமத்தான் கம்பைல் பண்ணிருக்காங்க. எம்பி3 உள்ள பேக்கேஜ் ஒண்ணு இருக்கு, போட்டுடலாம். அஞ்சு நிமிஷம்.”

சிவசம்பு அவள் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. அவர் வித்தவுட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“முப்பத்தோரு பொருள் இல்லாம சப்ளை ஆயிருக்கு!” என்றார். “அரசாங்கச் சொத்து! பொருள் குறைவில்லாம வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டது எவன்?”

கோப்பை எடுத்து வந்தார்கள். கையெழுத்து மிக அழகாக இருந்தது. சிவசம்புவின் கையெழுத்து எப்போதும் அழகாகவே இருக்கும்.

சிவசம்பு கோப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சார், அதெல்லாம் நமக்குத் தேவையில்லாத ஆப்ஷன் சார். எந்தப் பேக்கேஜுலயும் பாதி வித்தவுட்தான் இருக்கும். அது குறை இல்ல.”

“வித்தவுட்னா இல்லைன்னு அர்த்தம். இல்லைன்னா குறை,” என்றார் சிவசம்பு. “இதைப் பிரிண்ட் எடுங்க மா.”

எடுத்தாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மை போத்தலை எடுத்து, சிறிய தூரிகையால், முப்பத்தொரு வரியிலும் ‘வித்’தை விட்டுவிட்டு ‘அவுட்’டை மட்டும் பூசி மறைத்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம். சாட்சிகளும் ஒப்பமிட்டார்கள். மை காய்வதற்காக மின்விசிறியை வைத்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அந்தத் தொகுப்பு நாற்பது அம்சங்களும் குறைவில்லாமல் கொண்டதாகக் கோப்பில் ஏறிவிட்டது.

“பேப்பர்ல பூசினா மெஷின்ல மாறாதே சார்?”

“மெஷினை யாரு மா தணிக்கை பண்றாங்க? ஃபைலைத்தான் பண்றாங்க.”

இனித்தான் தர்க்கம் அதன் உச்சத்தைத் தொடுகிறது. கோப்பின்படி சுவாராவுக்கு எம்பி3 தெரியும். எனவே தமிழ் அறிவிப்பு ஒலித்திருக்கிறது. ஒலித்த அறிவிப்பு ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? மதியம் அக்காவின் கையில் கடிதம் கொடுக்கப்பட்டது.

‘மேற்கண்ட விடயம் தொடர்பில், தங்களின் எண் மூன்று தினங்களில் முறையே அழைக்கப்பட்டும் தாங்கள் முன்னிலையாகாமை இவ்வலுவலகத்தின் ஆழ்ந்த கவனத்தை ஈர்த்துள்ளது. தொகுப்பு முழுமையான நிலையில் உள்ளமை உறுதி செய்யப்பட்டுள்ளதால், தங்களின் செவிப்புலன் குறித்த மருத்துவச் சான்றிதழைச் சமர்ப்பிக்குமாறு அன்புடன் பணிக்கப்படுகிறீர்கள்.’

அக்கா அதை இரண்டு முறை படித்தார். “எனக்குக் காது செவிடுன்னு எழுதிருக்காங்களா தம்பி?” என்று என்னைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த வாரத்தில் அவர் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு அந்தக் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. நான் கிழிக்கவில்லை. அரசாங்கக் கடிதம்.

அன்று மாலையே மாசாயில் ஒரு கிளினிக்குக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டார். இரண்டு காதும் இருபது வயதுப் பெண்ணின் காது மாதிரி இருப்பதாகச் சான்றிதழ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை அதைக் கொண்டுவந்து கவுண்டரில் நீட்டினார். சான்றிதழைச் சமர்ப்பிக்க நம்பர் எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முறை வர மாலையாகும் என்றார்கள். எடுத்தார். 4001.

அதற்குள் விஷயம் இயக்கத்துக்குப் போய்விட்டது. வெள்ளி காலை பத்து மணிக்குக் குகநாதன் நாற்பது பேரோடு வந்து இறங்கினார். எல்லாரும் மஞ்சள் டீ-சட்டை, அதில் ‘என் பொத்தான் என் உரிமை’. நானும் என்னுடையதை அன்றைக்கு நல்லவேளையாகப் போட்டிருந்தேன். ஹாலில் நின்று கோஷம் போட்டார்கள். அலுவலகம் ஜனநாயகத்தை மதிப்பதால் அவர்களுக்கும் நாற்காலி கொடுத்தது.

“தமிழ்க் குரல் ஒலிக்கும் வரை நகர மாட்டோம்!” என்றார் குகநாதன். சொன்னபடியே மதியச் சாப்பாட்டைத் தப்பாவ் பொட்டலமாக வாங்கி வரச் சொல்லி அங்கேயே சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. அலுவலகம் காலியாகிவிடும். அந்த நேரத்தில் ஷர்மைன் தன் சொந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய சுவாராவுக்குத்தான் எம்பி3 தெரியுமே. குகநாதனின் பதிவுகளை அதில் போட்டு, மற்ற மூன்று மொழிகளின் ஃபைல் மாதிரியே மாற்றி, புல்லாங்குழல் சகிதம் திரும்ப ஏற்றிவிட்டு வந்தாள். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தாள். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிர்காலம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

இரண்டே முக்காலுக்குக் கவுண்டர்கள் திறந்தன. மூன்றரைக்கு நம்பர் இயந்திரத்தை வழக்கம்போல மூடினார்கள். இனி நம்பர் எடுக்க முடியாது, கூப்பிடுவதோடு சரி. அக்கா ஹாலின் பின்பக்கம், சுவர் ஓரமாக, சீட்டையும் காது சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மஞ்சள் சட்டைக்காரர்கள் வந்ததால் அவருடைய நாற்காலி போய்விட்டது. நான் முன்வரிசையில், ஐந்தாம் கவுண்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

நாலேகாலுக்குப் புல்லாங்குழல் ஒலித்தது.

எல்லாத் தலையும் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பியது. பிறகு குகநாதனின் கணீர்க் குரல், ஒலிபெருக்கியிலிருந்து, நிதானமாக, அழகுத் தமிழில் வந்தது. “எண்… நாலாயிரத்து… ஒன்று…”

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். “வாழ்க!” என்று ஒருவர் கத்த, கைதட்டல் கிளம்பியது. விசில் அடித்தார்கள். செல்பேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். குகநாதன் தன் குரலைத் தானே கேட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒலிபெருக்கி தொடர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

“என் நம்பர்! என் நம்பர்!” என்று அக்கா பின்னாலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எந்த கவுண்டர்? எந்த கவுண்டர் சொன்னாங்க?”

“ரெண்டு!” என்றார் ஒருவர்.

“இல்லக்கா, எட்டு!” என்றார் இன்னொருவர்.

“கவுண்டரா முக்கியம்? இதுதான் வரலாறு!” என்று குகநாதன் அவரைப் பிடித்து நிறுத்தினார். “நீங்கதான் அக்கா அந்த 4001! இங்க பாருங்க, கேமராவைப் பாருங்க!” யாரோ அவருக்கு ஒரு மஞ்சள் சால்வையைப் போர்த்தினார்கள். அக்கா சால்வையோடு இரண்டாம் கவுண்டருக்கு ஓடினார். அங்கிருந்து எட்டுக்கு. ஐந்துக்கு வந்தபோது முப்பது வினாடி முடிந்திருந்தது. ஆள் வரவில்லை என்று கணினி பதிவு செய்துவிட்டது. அந்தக் கவுண்டரில் இருந்தவர் கையை விரித்தார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் மூடிய எண்ணை மறுபடி திறக்கப் பெரிய எழுத்து ஒன்று தட்ட வேண்டுமாம். சிவசம்பு நாலு மணிக்கே பணிக்குழுவின் அறிக்கையைச் சமர்ப்பிக்கத் தலைமையகம் போய்விட்டார்.

ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.

அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இயக்கத்துக்கு ஜொகூர் முழுக்கக் கிளைகள் வந்தன. சிவசம்புவுக்குச் சிறந்த சேவைக்கான விருது கிடைத்தது. முழுமையான தொகுப்பு என்று நிரூபித்த அந்த வெள்ளை மைத் தாளைப் பயிற்சி வகுப்புகளில் மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஷர்மைனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவள் விளக்கம் எழுதாமல் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வினிஃப்ரெட் அக்காவைக் காத்திருப்போர் பட்டியலில் முறைப்படி சேர்த்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்றாவது இடம்.

பட்டியலில் முதலாவதாக இருந்தவருக்குப் பதினேழாம் நம்பர் இடம் போனது. அது நான்தான். இடம் காலியாகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் அந்த வாரம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். என் நம்பர் ஆங்கில நம்பர்.

தோசைக் கடை போட்டிருக்கிறேன். பெயர்ப் பலகை முழுக்கத் தமிழ். திறந்து வைத்தது குகநாதன். காலை ஆறு நாற்பது பஸ்ஸுக்கு நிற்க இடமில்லாத கூட்டம்.

போன மாதம் அக்கா தன் பழைய அடுப்பை எடுத்துக்கொண்டு போக வந்தார். மோட்டார் சைக்கிளில் கட்ட நான்தான் உதவினேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஏன் தம்பி மூர்த்தி, அன்னிக்கு நீங்க அஞ்சாம் கவுண்டருக்கு எதுக்கத்தானே உக்காந்திருந்தீங்க? கவுண்டர் அஞ்சுன்னு சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்டது. மிகத் தெளிவாகக் கேட்டது. நானும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

“நான் இங்கிலீஷ் நம்பருக்கா,” என்றேன். “தமிழ்ல கூப்பிட்டதைக் கவனிக்கல.”

அக்கா என்னை நம்பிவிட்டார். நம் ஊரில் யார் சொன்னாலும் நம்பக்கூடிய பதில்தான் அது.